கலைந்த வரிசை

அடையாறில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு அந்த அம்மா ஒரே ஒரு முறைதான் வந்தார். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்பவர். இதய நோயில் இறந்துபோன மகனின் தசைத் துணுக்கை ஆராய்ச்சிக்குத் தர அவர்தான் சம்மதித்திருந்தார். அதைப் பார்க்க வேண்டும் என்று வந்து நின்றார்.

மெலிந்த உடம்பு, வெயிலில் கறுத்த முகம். ஒவ்வொரு முறை பேசுவதற்கு முன்பும் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொள்வார்.

சாதாரண மைக்ராஸ்கோப்பில் மங்கலாகத் தெரிகிற செல்லின் உள்ளே, புரதங்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதத்தை எங்கள் கருவி துல்லியமாகக் காட்டும். திரையில் காட்டினேன்.

"இதெல்லாம் வரிசையா நிக்கணும்மா. உங்க பையனுக்குக் கலைஞ்சு கிடக்கு. பொறக்கும்போதே இருந்த கோளாறு."

வாயைத் துடைத்துக்கொண்டார். "அவன் வவுத்துல இருக்கசொல்ல நான் வெயில்ல கூடை தூக்கிக்கினு அலைஞ்சேனே, அதனாலயா நைனா?"

"இல்லம்மா. நீங்க ஒரு தப்பும் பண்ணல."

நிம்மதி அடைவார் என்று நினைத்தேன். அவரோ திரையையே வெறித்துக்கொண்டிருந்தார்.

"அப்போ நான் யாரு மேல கோவப்படுறது?"

அதுவரை தன்னையே திட்டிக்கொண்டு நாட்களை ஓட்டியவரிடமிருந்து அந்தப் பிடிப்பையும் பிடுங்கிவிட்டேனோ என்று இன்றும் மனம் அடித்துக்கொள்கிறது.