ஆறு முறை கடந்து போன ஆஸ்பத்திரி ஸ்டாப்

போன வாரம் இந்த வலைப்பூவில் ஒருவர் கேட்டிருந்தார்: பூந்தமல்லிப் பக்கத்திலிருந்து மஞ்சள்காமாலைக்குப் பச்சிலை மருந்து தருகிற ஊருக்கு எப்படிப் போவது, பஸ் உண்டா என்று. உண்டு சார். நேரம், கிலோமீட்டர் எல்லாம் எனக்கு மனப்பாடம். மூன்று நாள் தொடர்ந்து போய் வந்தவன் நான். முழுசாகச் சொல்கிறேன், பாதியில் ஓடிவிடாதீர்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கார்த்திகை மாதம். எனக்கு ஆவடியில் தொழிற்சாலை வேலை, குவார்ட்டர்ஸ் வாசம். என் மனைவியின் தம்பி சேகர் திருவேற்காட்டில் மூன்று எருமை வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்தான். அந்த மழையில் கொட்டகைக்குள் முழங்கால் தண்ணீர். வளையை விட்டு வந்த எலிகள் தவிட்டு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தன. சேற்றுப்புண் வந்த காலோடு சேகர் அந்தத் தண்ணீரில்தான் நாள் முழுக்க நின்றான். சினையாக இருந்த எருமை ஒன்று மாசம் முந்தியே கன்று வீசியது. செத்த கன்றை வெறுங்கையால் எடுத்துப் போட்டான். பத்து நாள் கழித்து அவனுக்குக் காய்ச்சல். கண் இரண்டும் ரத்தச் சிவப்பு. நாலாம் நாள் அந்தக் கண் மஞ்சளானது. நானும் மனைவியும் அவன் வீட்டுக்கே வந்து தங்கிவிட்டோம்.

உடனே தெருவே டாக்டராகிவிட்டது. "காமாலைக்கு இங்கிலீஷ் மருந்தே கெடையாது, ஊசி போட்டா ஆள் காலி." சொன்னது தெரு. மண்டையை மண்டையை ஆட்டியது நான்.

இதோ வழி. காலை 4.10-க்கு திருவேற்காட்டிலிருந்து ஆட்டோ, பூந்தமல்லிக்கு ஐந்து கிலோமீட்டர். 4.35-க்கு பஸ். மேற்கே 34 கிலோமீட்டர், டிக்கெட் நாலரை ரூபாய். 5.35-க்கு இறங்கி ஏரிக்கரை மேல் ஒன்றரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். விடியும் நேரத்தில் வெறும் வயிற்றில் இலைச் சாறு, மூன்று நாள். உப்பு கூடாது, வேறு மருந்து கூடவே கூடாது.

வழியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி வாசலிலேயே பஸ் நிற்கும். முதல் நாள் கண்டக்டர் சேகரைப் பார்த்துவிட்டு, "இன்னா அண்ணாத்தே, ஆஸ்பத்திரி ஸ்டாப்பா?" என்று கேட்டார். "இல்லீங்க, பச்சிலைக்குப் போறோம்" என்றேன், என்னமோ பெரிய விவரம் தெரிந்தவன் மாதிரி. அவர் விசில் கொடுத்துவிட்டார்.

இரண்டாம் நாள் சேகரால் படி ஏற முடியவில்லை. "மாமா, கெண்டைக்கால யாரோ புடிச்சி முறுக்கற மாரி கீது" என்றான். அதே ஸ்டாப்பில் பஸ் நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "மாமா, இங்கியே எறங்கிடலாமா?"

"இன்னாடா பேசற? நேத்து குட்ச்சதெல்லாம் வீணா பூடும். கம்முனு வா."

கம்மென்று வந்தான். பாவி நான்! அந்த ஏரிக்கரையில் அவனைத் தோளில் சாய்த்து இழுத்துக்கொண்டு போனேன், அதைப் பெரிய பாசம் என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாளும் குடித்துவிட்டு 9.30-க்கு வீடு திரும்பினால், கொட்டகையில் கால்நடை மருத்துவர் நிற்கிறார். இன்னொரு எருமைக்குப் பால் வற்றி மூத்திரம் சிவப்பாகப் போனதால், என் மனைவி ஆள் அனுப்பி வரவழைத்திருந்தாள். எருமைக்கு ஊசி போட்டு முடித்தவர் சேகரின் கண்ணைப் பார்த்தார். கெண்டைக்காலை லேசாக அழுத்தினார். அலறிவிட்டான்.

"ஒண்ணுக்குப் போறியாப்பா?"

"நேத்து மத்தியானத்துலேந்து வரல சார்."

அவருக்கு முகம் மாறிவிட்டது. "இது எலிக்காய்ச்சலா இருக்கும். எலி மூத்திரம் கலந்த தண்ணி, மாட்டு மூத்திரம், கால்ல புண்ணு. மாட்டுக்கு வந்ததுதான் இவனுக்கும் வந்திருக்கு. இத்தனை நாளா என்ன பண்ணீங்க?"

நான் பச்சிலை என்றேன். அந்த மனிதர் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது: "மாட்டுக்குன்னா டாக்டரைக் கூப்பிடத் தெரியுது. மனுஷனுக்கு இலையா?"

அவருடைய ஜீப்பிலேயே கூட்டிப்போனார். அதே ஆஸ்பத்திரி. போகவும் வரவுமாக ஆறு முறை தாண்டிப்போன வாசலில் ஏழாவது முறை இறங்கினோம். சிறுநீரகம் இரண்டும் நின்றுபோயிருந்தது. அங்கிருந்தவர்கள் தங்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள். காய்ச்சல் வந்த அன்றே வந்திருந்தால் சாதாரண மாத்திரையிலோ ஊசியிலோ போயிருக்கும் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். அங்கே சேர்த்த ஒன்பதாம் நாள் சேகர் செத்துப்போனான். இருபத்தேழு வயசு. எருமை பிழைத்துக்கொண்டது.

இப்போது உங்களுக்கு. எல்லாக் காமாலையும் ஒன்றில்லை. மழைத் தண்ணீரில் நின்றவர், மாடு கழுவுகிறவர், சாக்கடையில் இறங்குகிறவர் யாராக இருந்தாலும், காய்ச்சலோடு கண் சிவந்து கெண்டைக்கால் வலித்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். என்ன வேலை செய்கிறீர்கள், எந்தத் தண்ணீரில் நின்றீர்கள் என்று அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். புண் காலோடு கொட்டகையில் இறங்காதீர்கள், பூட்ஸ் போடுங்கள். வீசிய கன்றை வெறுங்கையால் தொடாதீர்கள். தெருவில் யாராவது ஊசி கூடாது என்றால், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள்.

வழி கேட்டவரே, அந்த பஸ்ஸில் தாராளமாக ஏறுங்கள். ஆஸ்பத்திரி ஸ்டாப் வந்ததும், பக்கத்தில் இருப்பவர் இங்கேயே இறங்கிடலாமா என்று கேட்பார். இறங்கிவிடுங்கள்.