கொச்சி வழியாக ஒரு டிஸ்சார்ஜ்

நான் வேலை பார்த்த அறைக்கு ஜன்னல் கிடையாது. மாடிப்படிக்கு அடியில் இருந்த ஸ்டோர் ரூமைக் காலி செய்து, கம்ப்யூட்டரும் பிரிண்டரும் இரண்டு நாற்காலியும் போட்டு, கதவில் ‘இன்சூரன்ஸ்’ என்று ஒட்டியிருந்தார்கள். நான் படித்தது பயோமெடிக்கல் இன்ஜினியரிங். வென்டிலேட்டர், மானிட்டர் இவற்றோடு இருப்பேன் என்று நினைத்துத்தான் புதுச்சேரியில் அந்தத் தனியார் மருத்துவமனையில் சேர்ந்தேன். மெஷின் பிரிவில் ஓர் இடம் காலியாகும்வரை இங்கே இரு என்றார்கள். அங்கிருந்து யாரும் போவதாகத் தெரியவில்லை.

வேலை இதுதான். நோயாளிக்குக் கம்பெனி இன்சூரன்ஸ் எடுத்திருக்கும். ஆனால் இன்சூரன்ஸ்காரர்கள் பில்லை நேரடியாகப் பார்ப்பதில்லை. நடுவில் டிபிஏ என்று ஒரு நிறுவனம் இருக்கும். அரசிடம் உரிமம் வாங்கிய நிறுவனம். பில்லைப் பார்த்து, கொடுக்கலாம் என்று கடிதம் அனுப்புவது அவர்கள்தான். அந்தக் கடிதம் வந்தால் கேட் பாஸ் கிடைக்கும். வராவிட்டால் டாக்டர் கையெழுத்துப் போட்ட பிறகும் நோயாளி கட்டிலிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் கையிலிருந்து கட்டிவிட்டுப் போக வேண்டும்.

அன்று காலை டிஸ்சார்ஜ் ஆக வேண்டியவர் சேதராப்பட்டு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பேக்கிங் வேலை பார்க்கும் பெண். பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன். என்னைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கலாம். டிஸ்சார்ஜ் சம்மரி, பில், மருந்துச் சீட்டு, ஸ்கேன் என்று எல்லாவற்றையும் வரிசையாக ஏற்றி அனுப்பிவிட்டேன். பதினோரு மணிக்குள் வந்துவிடும் என்று வார்டுக்கும் சொல்லியிருந்தேன்.

பில்லிங் அதிகாரி போன் செய்தார். “அந்த டிபிஏவோட லைசன்ஸ் காப்பி நம்ம ஃபைல்ல காலாவதி ஆயிடுச்சும்மா. புதுசு வராம அவங்க அப்ரூவல் லெட்டர வாங்கிக்க மாட்டேன்.”

“புதுப்பிச்சிருப்பாங்க சார்.”

“இருப்பாங்கன்னு ஃபைல்ல எழுத முடியாது. பேப்பர் குடு.”

அவரைக் குறை சொல்ல முடியாது. முன்பு ஒருமுறை, உரிமம் போன ஒரு டிபிஏவின் கடிதத்தை நம்பி ஆளை அனுப்பிவிட்டு, அவர் பட்ட பாட்டை மருத்துவமனையே அறியும்.

பெங்களூரில் இருந்த டிபிஏவின் தலைமை அலுவலகத்துக்குப் பேசினேன். லைசன்ஸ் காப்பியும் கடிதமும் கிளையிலிருந்துதான் வரும் என்றார்கள். சென்னைக் கிளையைக் கூப்பிட்டேன். எங்கள் பட்டியலில் புதுச்சேரி இல்லை, கொச்சியில் கேளுங்கள் என்றார்கள். கொச்சி ஏன் என்று எனக்குப் புரியவில்லை. கொச்சியில் எடுத்தவர் நல்ல மனிதர், தமிழும் பேசினார்.

“மாஹேதானே மேடம்?”

“இல்ல சார், புதுச்சேரி.”

“மாஹே புதுச்சேரிதானே?”

“மாஹே புதுச்சேரியச் சேர்ந்தது சார். புதுச்சேரி மாஹேவுல இல்ல.”

மாஹே கேரளத்துக்குள் இருப்பதால் எங்கள் யூனியன் பிரதேசத்தையே யாரோ தூக்கி அவர் கிளையில் போட்டிருந்தார்கள். “அப்போ நீங்க அந்தப் பக்கத்துக் கடல்,” என்றார். மேலதிகாரியைக் கேட்டுச் சொல்கிறேன் என்று காத்திருக்க வைத்தார். என் செல்போனில் ஒரே இசை திரும்பத் திரும்ப ஓடியது.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தார். வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, லிஃப்டில் தனியாக இறங்கி வந்திருந்தார். நைட்டியின் மேல் தோளைச் சுற்றித் துண்டு போட்டிருந்தார்.

“சிஸ்டர், எப்ப உடுவாங்க?”

“நான் சிஸ்டர் இல்லக்கா. உட்காருங்க. பேசிட்டுதான் இருக்கேன்.”

உட்காரவில்லை. துண்டை லேசாக விலக்கிக் காட்டினார். மார்பு முழுக்க நனைந்திருந்தது. “பால் கட்டிக்கிச்சு. கல்லு மாதிரி இருக்கு. பாப்பாக்கு அஞ்சு மாசம். புட்டிய வாயில வெச்சாலே துப்புதாம். எங்க மாமியார் காலையிலேர்ந்து கத்துறாங்க.”

“பால் குடுக்கலாம்னு டாக்டர் சொன்னாரா?”

“இன்னிலேர்ந்து குடுன்னாரு. குடுக்கத்தான் உடமாட்றீங்களே.”

அவர் போன் அடித்தது. மாமியார் குரல் எனக்கே கேட்டது. “ஆஸ்பத்திரி சோறு ருசியா இருக்கா? உன் புள்ள இங்க தொண்ட கிழிய அழுவுது.” பின்னால் குழந்தையின் சத்தம். அதைக் கேட்டதும் துண்டில் ஈரம் இன்னும் பரவியது. அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

என் தலைக்குள் எப்போதும் ஒரு பட்டியல் ஓடும். கேட் பாஸ் இல்லாமல் நோயாளி வாசலைத் தாண்டக் கூடாது. குழந்தைகளை வார்டுக்குள் விடக் கூடாது. இரண்டையும் மனதில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என் அறை வார்டு இல்லை. வாசலுக்கு வெளியேயும் இல்லை.

“அக்கா, பாப்பாவ இங்க எடுத்துட்டு வரச் சொல்லுங்க. இந்த ரூமுக்கு.”

அவர் என்னை நம்பாமல் பார்த்தார். பிறகு புருஷனுக்குப் போன் செய்தார்.

மாமியாரும் புருஷனும் வண்டியில் வந்தார்கள். வாசலில் செக்யூரிட்டி தடுத்தார். “கொழந்தைக்கு அலவ்டு இல்லம்மா.”

“மேல போகலண்ணா, இன்சூரன்ஸ் ரூமுக்குத்தான்,” என்றேன்.

“கொழந்தைக்கு என்னாத்துக்கு இன்சூரன்ஸ்?” என்று கேட்டபடியே வழிவிட்டார்.

மாமியாரையும் குழந்தையையும் உள்ளே அனுப்பி, நாற்காலியைச் சுவர் ஓரம் தள்ளிப் போட்டுக் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்றேன். அந்த அறைக்கு ஜன்னல் இல்லாதது நல்லதுதான் என்று அன்றுதான் தோன்றியது. கொச்சி இன்னும் என் காதில் இசை வாசித்துக்கொண்டிருந்தது. உள்ளே குழந்தை வீறிட்டது, விக்கியது, மறுபடி வீறிட்டது. மூன்று நாள் மறந்துபோன முலையை அது ஏற்க மறுத்திருக்க வேண்டும். “வாய்ல வெச்சு அழுத்துடி,” என்றார் மாமியார். அப்புறம் சத்தம் நின்றது.

இசையும் நின்றது. “மேடம், அனுப்பியாச்சு. லைசன்ஸ் காப்பியும் சேர்த்து,” என்றார் கொச்சிக்காரர். செல்போனில் மெயில் வந்து விழுந்தது.

பில்லிங் அதிகாரி படி இறங்கி வந்தார். “வந்துச்சா?”

“வந்துடுச்சு சார்.” போனைக் காட்டினேன்.

“இத எப்படி ஃபைல்ல வெக்கிறது? பிரிண்ட் எடு.”

“பிரிண்டர் உள்ள இருக்கு சார்.”

“அதான் எடுன்னு சொல்றேன்.”

“பாப்பா பால் குடிக்குது. முடியட்டும்.”

அவர் சாத்திய கதவைப் பார்த்தார். பிறகு மருந்துக்கடைப் பக்கம் நகர்ந்து, சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார். நான் கதவைத் தட்டவில்லை.