ரோடுதான் இறங்கணும்

வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் கண்டக்டர் வலது உள்ளங்கையை உச்சந்தலைமேல் வைத்துக்கொள்வார். கை முதலில் நிலையின் மேல்கட்டையில் இடிக்கும். இடித்ததும் தலை இன்னும் ஒரு பிடி தாழும். உள்ளே கால் வைத்து, நிமிர்ந்து, திரும்பிக் கட்டையைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொல்வார். வெளியே போகும்போதும் அதே கை, அதே வார்த்தை. வீட்டில் விருந்தாளி இருந்தால் வார்த்தை உதட்டோடு நின்றுவிடும். முறைப்பு மட்டும் போய்ச் சேரும். அவர் மனைவி அந்தக் கட்டையில் பழைய துண்டொன்றை மடித்து ஆணியடித்து வைத்திருந்தாள், வருகிறவர்களின் நெற்றிக்காக.

அவர் ஆறடி மனிதர். வேலை பார்த்த காலமெல்லாம் பஸ் கம்பிக்குக் குனிந்தவர். "அங்க குனிஞ்சதுக்குச் சம்பளம் குடுத்தான். இங்க எவன் குடுக்கிறான்?" என்பார்.

அந்தக் காலத்தில் இந்த ஊர், அவர் கண்டக்டராகப் போய்வந்த பஸ் வந்து நின்று திரும்புகிற இடம். ஒரு டீக்கடை, ஒரு செங்கல் சூளை, ஒரு குட்டை. பஸ்ஸில் தூங்கிப்போனவன்தான் இங்கே வந்து இறங்குவான் என்று டிப்போவில் கிண்டல். அப்படிப்பட்ட இடத்தில் அவர் மனை வாங்கியதும் 'கடைசி ஸ்டாப்' என்று பட்டம் கொடுத்துவிட்டார்கள். "நீயுமா தூங்கிட்ட?" என்று டிரைவர் கேட்டார்.

ஊர் வளர்ந்தது. சூளை இருந்த இடத்தில் அடுக்குமாடி நின்றது. குட்டையைத் தூர்த்துச் சந்தை கட்டினார்கள். பஸ் இந்த ஊரையும் தாண்டி எங்கேயோ போக ஆரம்பித்தது. ஊராட்சி நகராட்சியாயிற்று, நகராட்சி மாநகராட்சியாயிற்று. ஒவ்வொரு முறையும் அலுவலக வாசலில் பலகை பெரிதாயிற்று; சாக்கடை மட்டும் பழைய அகலத்திலேயே கிடந்தது.

வளர்ச்சி என்றால் இங்கே ரோடு. ரோடு என்றால் பழையதன்மேல் புதியது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடுவது என்ற பேச்சே கிடையாது. கண்டக்டர் வீடு கட்டியபோது வாசலுக்கு நான்கு படி ஏறவேண்டும். முதல் ரோடு ஒரு படியை விழுங்கியபோது தெருவே சந்தோஷப்பட்டது. வயதானவர்களுக்கு ஏற வசதி என்றார்கள். ரோடு அடுத்தடுத்து வந்து மற்ற படிகளையும் விழுங்கியது. அப்புறம் வீட்டுக்குள் இறங்கவேண்டி வந்தது. மழைத்தண்ணீரும் இறங்கியது. ஒரு மழைக்கு அவர் மனைவி அடுப்பை மேஜைமேல் தூக்கி வைத்து, நாற்காலியில் நின்று சமைத்தாள். அதற்குப் பிறகு மண்ணும் செங்கல் உடைசலும் கொட்டித் தரையை உயர்த்தினார்கள். தரை உயர்ந்தது, கூரை உயருமா? ஆசாரி வந்து கதவின் அடியை அறுத்தார். தலைக்கு மேலிருந்த விசிறியைக் கழற்றினார்கள். கண்டக்டர் தன் வீட்டிலேயே ஒவ்வொரு நிலைக்கும் குனிந்து நடக்கும் ஆளானார். "வீட்டுல நான் ஒருத்தன்தான் வளரல. தினம் தேயுறேன்" என்றார்.

இப்போது மறுபடியும் ரோடு போடப்போவதாகச் செய்தி வந்தது. இனி ஒரு தடவை ரோடு ஏறினால் ஜன்னலின் அடிக்கட்டையைத் தொட்டுவிடும். தரையை இன்னும் உயர்த்தினால் வீட்டுக்குள் உட்காரலாம், நிற்க முடியாது. வீடு வீடாக இருக்குமா, நிலவறையாகுமா என்பது இந்தத் தடவையோடு தெரிந்துவிடும்.

கூரியர் கிடங்கில் வேலை பார்க்கும் மகன், ஜாக்கி வைத்து வீடு தூக்குகிறவர் ஒருவரை அழைத்து வந்தான்.

"அப்பா, சுவத்துக்கு அடியில ஜாக்கி குடுத்து வீட்டையே தூக்கிடுவாங்கப்பா. பக்கத்துத் தெருவுல ரெண்டு வீடு தூக்கியாச்சு."

"எதுக்குத் தூக்கணும்?"

"ரோடு மேல வந்துடுச்சுல்ல."

"வந்தது அது. நான் நின்ன இடத்துலயே நிக்கிறேன். மிதிச்சவன விட்டுட்டு, மிதிபட்டவனக் காலத் தூக்கச் சொல்றியா?"

ஜாக்கிக்காரர் நயமாகச் சொல்லிப் பார்த்தார். "ஒரு தடவ தூக்கிட்டா பல வருஷத்துக்குக் கவலை இல்லங்கய்யா."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் மறுபடி தூக்கிக்கலாம்."

"நீ போயிட்டு வாப்பா. உனக்கும் ரோடு போடறவனுக்கும் சம்பந்தம் பேசி முடிச்சாச்சுபோல. நான் கல்யாணத்துக்கு வரல."

மகன் முகம் சுருங்கிப்போய் ஜாக்கிக்காரரை வழியனுப்பினான். மனைவி உள்ளிருந்து, "ஏங்க, ஊரே ஒத்துப்போகுது" என்றாள்.

"ஊர் ஒத்துப்போகட்டும். வீடு ஏறாது. ரோடுதான் இறங்கணும்."

கண்டக்டர் மாநகராட்சி அலுவலகத்துக்குப் போனார். பொறியாளர் மேஜையில் இருந்த கண்ணாடித் தட்டைத் துடைத்துக்கொண்டே, "சிட்டி வளருது சார். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணித்தான் ஆகணும்" என்றார்.

"அகலமா வளரட்டும், நீளமா வளரட்டும். ஏன் சார் என் தலைமேல வளருது?"

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பொறியாளரும் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் கண்டக்டரால் தாங்க முடியாமல் போயிற்று. திட்டியிருந்தால் திரும்பத் திட்டியிருப்பார். சிரிக்கிறவனை என்ன செய்வது? வெளியே வந்தார். குனிய வேண்டிய அவசியமே இல்லாத அந்த உயரமான வாசலிலும் கை தானாக உச்சந்தலைக்குப் போனது. அதைப் பார்த்து வாசலில் இருந்த காவலாளியும் சிரித்தார்.

வேலை தொடங்கிய காலையில், ரோலர் தெருமுனையில் திரும்பும்போது, கண்டக்டர் தன் நாற்காலியை நடுரோட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார்.

முதலில் கத்தியது தெருதான். மாதக்கணக்கில் குண்டுகுழியில் விழுந்து எழுந்து புழுதி தின்றவர்கள். மளிகைக்கடைக்காரர் கடையிலிருந்தே இறங்கி வந்தார்.

"கடைசி ஸ்டாப்பு, எந்திரிங்க. உங்க ஒரு வீட்டுக்காகத் தெருவே மண்ணு தின்னணுமா?"

"உன் கடை வாசல்ல எத்தன படிடா இருந்துச்சு?"

"மூணு. அதுக்கென்ன?"

"இப்ப?"

மளிகைக்கடைக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை.

"என்னோடது போயிடுச்சு. அடுத்த தடவ உன் கல்லாப்பெட்டி மிதக்கும். அன்னிக்கு வந்து என் பக்கத்துல நாற்காலி போட்டுக்கோ. இடம் பிடிச்சு வைக்கிறேன்."

தலைக்கவசம் போட்ட மேற்பார்வையாளன் வந்தான். மகன் வயதுதான் இருக்கும். "பெரியவரே, தார் ஆறிடும். சூடா இருக்கும்போதே போடணும். ஓரமாப் போங்க" என்றான். கண்டக்டர் எழுந்தார். அவன் கையைப் பற்றினார். "உள்ள வாங்க. முன்னால வாங்க, முன்னால இடம் இருக்கு" என்று பஸ்ஸில் கூட்டத்தைத் தள்ளும் அதே குரலில் வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனார். மேல்கட்டையில் தலைக்கவசம் துண்டையும் மீறி மடாரென்று இடித்தது.

"கவசம் இருந்துச்சு, பிழைச்சீங்க. என் மருமகளுக்குத் தையல் போட்டாங்க" என்றார். "இங்க நில்லுங்க. ஜன்னல் வழியாப் பாருங்க."

மேற்பார்வையாளன் குனிந்து பார்த்தான். ஜன்னலுக்கு வெளியே செருப்புகள் நடந்துகொண்டிருந்தன. ஒரு நாய் அவன் முகத்துக்கு நேராக நின்று உள்ளே மோந்தது. அதற்கப்பால் ரோலரின் இரும்புச் சக்கரம், வீட்டுக்குள் வர அனுமதி கேட்பதுபோல நின்றது.

"நீங்க போடப்போற ரோடு எதுவரைக்கும் வரும்? விரல வெச்சுக் காட்டுங்க."

அவன் விரலை வைக்கவில்லை. கண்டக்டரின் மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள். அதைக் குடித்துவிட்டு, தலையைத் தாழ்த்தி வெளியே போய் யாருக்கோ போன் செய்துவிட்டு, பழையதைச் சுரண்டிவிட்டே போடலாம் என்றான். அப்போதுதான் ஒரு விஷயம் தெருவுக்குத் தெரிந்தது. தெருமுனையில் பல நாளாகத் தார்ப்பாய் போர்த்தி நின்றிருந்தது சுரண்டும் இயந்திரம்தான். அதை ஓட்டினால் வேலை இரண்டு நாள் தள்ளிப்போகும் என்று விட்டிருக்கிறார்கள்.

"சும்மா நின்னுச்சா?" என்றார் கண்டக்டர். கோபம் தீர்ந்திருக்க வேண்டிய நேரத்தில் அது இரட்டிப்பாயிற்று. "இத்தன நாளும் மூடி வெச்சுட்டா நிக்க வெச்சிருந்தீங்க? என் தலையத் தட்டித் தட்டிக் குள்ளமாக்கினது ரெண்டு நாள் சோம்பேறித்தனமா?" அவர் நாற்காலியைத் தூக்கி எறிந்தார். அது யார்மேலும் படவில்லை. கால் ஒன்று உடைந்தது. மனைவி வந்து உடைந்த காலை எடுத்துக்கொண்டு, "போதும், உள்ள வாங்க" என்றாள். அவர் போகவில்லை. இயந்திரம் வந்து முதல் கீறல் போடும்வரை வெயிலில் நின்றார்.

அது அடுக்கடுக்காகச் சுரண்டியது. தெரு கீழே போகப் போக, புதைந்துபோன படி ஒன்றின் விளிம்பு வெளியே வந்தது. மனைவி அதன்மேல் ஒட்டியிருந்த தாரைக் கரண்டிக் காம்பால் சுரண்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள். மளிகைக்கடைக்காரர் தன் கடைமுன்னும் அதே ஆழத்துக்குச் சுரண்ட வேண்டுமென்று மேற்பார்வையாளனிடம் சண்டை போட்டார். கண்டக்டர் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. "எனக்கு எதையும் குடுக்கல. எடுத்தத வெச்சுட்டுப் போறாங்க" என்றார்.

அந்த மழைக்காலத்தில் அவர் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை.

சுரண்டி எடுத்த தார்க்கட்டிகள் எங்கே போயின என்று அன்று யாரும் கேட்கவில்லை. பின்னால்தான் தெரிந்தது. சந்தைக்குப் பின்புறம், தூர்க்காமல் விட்ட குட்டைப் பள்ளத்தில் வாடகைக் குடித்தனங்கள் இருக்கும் மண் தெருவில் லாரி அவற்றைக் கொட்ட, தெரு வீடுகளைவிட உயர்ந்திருக்கிறது. அடுத்த மழையில் அங்கே ஒரு வீடு பாக்கியில்லாமல் தண்ணீர் நுழைந்தது. யாரும் அவர்கள்மேல் திணிக்கவில்லை. தங்களுக்கும் ரோடு வேண்டுமென்று அந்தத் தெருக்காரர்களே லாரியை மறித்து, டிரைவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, கொட்டச் சொன்னார்களாம்.