கொக்கியில் ஏறி நின்றவர்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருந்த ஹவுகன்ஸ்டுவாவில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே உள்ள கார் தரிப்பிடத்தில்தான் அவரைச் சந்தித்தேன். இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ. விடுமுறைக்குப் போகவென்று காரின் பின்னால் கட்டி இழுக்கும் பழைய கரவன் வீட்டுவண்டி ஒன்றை வாங்கிவிட்டேன். அதை இழுக்க என் கார் காணுமா என்பது தெரியவில்லை. வாகனங்கள் பற்றி நன்கு தெரிந்தவர் என்று நண்பர்கள் அவரைக் கேட்கச் சொன்னார்கள். கோடையிலும் கம்பளித் தொப்பி போட்ட மெலிந்த மனிதர்.

வந்தவர் காரின் பின்பக்கத்து இழுவைக் கொக்கியில் ஏறி, கைகளைப் பின்னால் கட்டி, கண்களை மூடிக்கொண்டு நின்றார். எந்தக் காரையும் அப்படித்தான் பார்ப்பாராம். கார் கொஞ்சம் தாழ்ந்தது.

"ஏத்தத்திலை உம்மடை கார் இழுத்துப்போடும். இறக்கத்திலைதான் பின்னாலை வாற பாரம் உம்மைத் தள்ளும்," என்றபடி இறங்கினார். "என்னென்ன கொண்டுபோறீர்?"

"பெரிசா ஒண்டுமில்லை அண்ணை. உடுப்பும் போர்வையும்தான்."

அவர் பக்கத்தில் நின்ற என் மனைவியிடம் திரும்பினார். "தங்கச்சி, நீங்கள் சொல்லுங்கோ."

"அரிசி ஒரு மூட்டை, பெரிய சட்டி ரெண்டு, இடியப்ப உரல், ஆட்டிறைச்சி, காஸ் அடுப்பு, சின்னக்கா வீட்டாற்றை சாமான்," என்றாள்.

சின்னக்கா வீட்டார் வருவது எனக்கு அப்போதுதான் தெரியும்.

"பாரமான டீசல் வான் ஒண்டு எடும்," என்றுவிட்டு அவர் போய்விட்டார்.

எடுத்தேன். விடுமுறைப் பயணத்தில் மலைப்பாதை இறக்கம் முழுவதும் வான் ஆடாமல் ஓடியது; பின்னால் எங்கள் பிள்ளைகள் நித்திரை.

வாகனம் பற்றி எனக்கு ஆலோசனை சொன்னவர்கள் ஏராளம். என் மனைவியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். நான் சொன்னதை அவர் ஏன் நம்பவில்லை என்பதுதான் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.