சுற்றிவர ஊன்றிய கற்கள்

எங்கள் கரிசலில் யாராவது கல் ஊன்றினால் காற்றாலை வரப்போகிறது என்றுதான் நினைப்போம். சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே நான் செம்மறி மேய்த்த புஞ்சைகளில் அதுதான் பழக்கம். ஒரு மூலையில் தூண் எழும்பும். அதற்கு ஒரு மண்பாதை போடுவார்கள். மீதி நிலம் அப்படியே கிடக்கும். உளுந்து எடுத்ததும் ஆடுகளை இறக்கிவிட்டு மத்தியானம் தூண் நிழலில் படுப்போம். நிழல் நகர்ந்தால் நாங்களும் உருண்டு நகர்வோம்.

அதனால் அந்த வருஷம் வெள்ளைக் கற்களைப் பார்த்தபோது நான் கவலைப்படவில்லை. என்னோடு ஆடு மேய்த்தவர் சிரித்தார்.

"இன்னொரு காத்தாடி வே. இனிமே உமக்கு ரெண்டு கட்டில்."

என் மனைவிக்கு மட்டும் அது சரியாகப் படவில்லை. "ஒரு மூலையில நடல. சுத்திவர நட்டிருக்கானுவ. நெலத்துக்கார அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்த கேளுங்க."

"கேக்குதேன்."

"மாசிலருந்து கேக்குதேன்னுதான் சொல்லுதிய. வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கிய?"

அந்த நிலத்துக்காரரிடம் நான் எதையும் வாய்விட்டுக் கேட்டதே இல்லை. ஆடி பிறப்பதற்கு முன் அவர் வீட்டு வாசலில் போய் நிற்பேன். அவர் தலையை ஆட்டுவார். ஆடி மாதம் இரவெல்லாம் என் ஆடுகள் அவர் நிலத்தில் கிடை கிடக்கும். புழுக்கை நிலத்துக்கு உரம். எங்களுக்குத் தானியமும் வருஷம் முழுக்க மேய்ச்சலும். பேச்சு தேவைப்படாத ஏற்பாடு. எனக்கு அது வசதியாக இருந்தது.

ஆனி முடிவில் வழக்கம்போலப் போய் நின்றேன். அவர் தலையை ஆட்டவில்லை.

"என்னவே, கிடைக்கா வந்தீரு? நெலத்தக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டாச்சே."

"காத்தாடிக்குத்தான அண்ணாச்சி?"

"காத்தாடி பழைய கத வே. வெயில்ல கரண்ட் எடுக்குத கண்ணாடித் தகடு இருக்குல்லா, அது வெல சரிஞ்சுபோச்சாம். மொதலாளிமாரு எல்லாம் காத்த விட்டுட்டு வெயிலுக்குத் தாவிட்டானுவ. நம்மகிட்ட வெயிலுக்கா பஞ்சம்?"

"ஆடு?"

"உள்ள விட மாட்டானுவ." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "மழைய நம்பி உழுது நானும் ஓஞ்சுட்டேன். எம்மவனும் இங்கன வந்து ஏர் பிடிக்கப் போறதில்ல. நீரு மாசிலயே வந்து கேட்டிருந்தா வேற எடமாவது பாத்திருக்கலாம்லா."

பிறகுதான் அலைந்தேன். வாசுதேவநல்லூர்ப் பக்கம் குளத்துப் பாசன வயல்களில் வேறு ஆட்கள் கிடை பேசி முடித்திருந்தார்கள். அக்கம்பக்கத்துப் புஞ்சைகளிலும் அதே வெள்ளைக் கல், சுற்றிவர.

ஆவணியில் கம்பிவேலி போட்டார்கள். காலையில் பட்டியைத் திறந்தால் ஆடுகள் பழகிய தடத்திலேயே போய் வேலியில் முட்டி நிற்கும். அடித்துத் திருப்ப வேண்டியிருந்தது. ரோட்டோரம் மேய்த்தேன். லாரியில் ஒரு சினை ஆடு அடிபட்டது. மற்றவை விலா தெரிய மெலிந்தன. தைப்பொங்கலுக்கு முன் சங்கரன்கோவில் வியாபாரி வண்டி கொண்டுவந்தார். ஒவ்வொன்றின் முதுகையும் அமுக்கிப் பார்த்து, "கறியே இல்லையே அண்ணாச்சி" என்றார். நான் ஆடுகளை ஒவ்வொன்றாக வண்டியில் ஏற்றினேன். என் மனைவி பட்டிப் படலைச் சாத்திவிட்டு வீட்டுக்குள் போனாள். அடைப்பதற்குப் பட்டியில் எதுவும் இல்லை.

இப்போது அந்த வேலிக்குள்தான் எனக்கு வேலை. தகடுகளைக் கழுவிய தண்ணீர் சொட்டுகிற இடத்தில் கோடையிலும் புல் முளைக்கிறது. அதன் நிழல் தகட்டில் விழுந்தால் கரண்ட் குறையுமாம், வளர விடக்கூடாது. முதுகில் களைக்கொல்லி மருந்து டப்பாவைக் கட்டிக்கொண்டு வரிசை வரிசையாக அடிக்கிறேன். எந்தப் புல்லில் ஆடு முதலில் வாய் வைக்கும் என்று கண் தானாகத் தேடுகிறது. அதன்மேல் அடித்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போகிறேன்.