கேட்டுவிட்டுக் காத்திருந்தவள்

கனகாவுக்குப் பாடமே தெரியாது, அதனால்தான் கல்லூரியில் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள் என்று எதிர்வீட்டுச் சுலோசனா தெருவெல்லாம் பேசுகிறாள். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றாள், அதுதான் அவள் செய்த குற்றம்.

கனகா என் மகள் வயிற்றுப் பேத்தி. ஹனூரில் மிளகாய் பறித்துக்கொண்டே படித்தவள். மைசூருக்கு வந்து எட்டு வருஷம் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தாள். நிரந்தர வேலை இல்லை. வருஷா வருஷம் ஜூனில் பட்டியல் போடுவார்கள், பேர் இருந்தால் போகலாம்.

அங்கே செமினார் என்று ஒன்று நடக்கும். ஒரு பிள்ளை எழுதி வந்ததைப் படிக்கும். வாத்தியார் கேள்வி கேட்பார், மூச்சு விடுவதற்குள் பதிலையும் அவரே சொல்லிவிடுவார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். இவள் மட்டும் கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து எண்ணுவாள். ஒத்திகையெல்லாம் என்னிடம்தான்.

"மழை நல்லாப் பேஞ்சு தக்காளி அமோகமா வெளஞ்சா குடியானவனுக்கு லாபமா, அம்முச்சி?"

நான் அரிசி களைந்து முடிக்கும்வரை பேசமாட்டாள். குண்டலுபேட்டை ரோட்டோரம் விலைபோகாத தக்காளியைக் கூடை கூடையாகக் கொட்டிவிட்டுப் போனது அப்புறம்தான் ஞாபகம் வரும். பள்ளிக்கூடம் மிதிக்காத எனக்கே பதில் வந்ததே. பிள்ளைகளோ, மேடம் தனக்குத் தெரியாததை எங்களிடம் கேட்கிறார் என்று கல்லூரியில் எழுதிக்கொடுத்தார்கள்.

போன மார்ச்சில் கல்லூரியைப் பார்வையிட ஆட்கள் வந்தார்கள். கேள்வியை முந்தின நாளே இரண்டு கெட்டிக்காரப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடச் சொன்னார் துறைத்தலைவர். எல்லாரும் செய்வதுதான். இவள் கொடுக்கவில்லை. வருஷம் முழுக்க வாய் திறக்காத அஷ்வினியை எழுப்பித் தக்காளிக் கேள்வியைக் கேட்டாள். பத்து போயிற்று. இருபது போயிற்று. அந்தப் பெண்ணின் உதடு அசைந்தது. அதற்குள் துறைத்தலைவர் எழுந்து பதிலைச் சொல்லிவிட்டார். வந்தவர்கள் சிரித்தபடி எழுதிக்கொண்டார்கள். அஷ்வினி உட்கார்ந்துவிட்டாள்.

ஜூன் பட்டியலில் கனகாவின் பேர் இல்லை. வேறு இரண்டு கல்லூரிகளிலும் இல்லையென்றார்கள். நஞ்சன்கூட்டுக் கம்பெனியில் அட்டைப்பெட்டி எண்ணும் வேலை கிடைத்தது.

வேலைக்குப் போன முதல்நாள் காலையில் டிபன் டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். "அந்தப் புள்ளை என்ன சொல்ல வந்துச்சு, கண்ணு?" என்று கேட்டேன். அவள் கற்றுக்கொடுத்த மாதிரியே பேசாமல் நின்றேன். செருப்பை மாட்டினாள், வார்ப்பட்டையை இழுத்துவிட்டாள்.

"அவளுக்கே இப்ப ஞாபகம் இருக்காது, அம்முச்சி."

அப்படியே திரும்பிப் பார்க்காமல் வாசலைத் தாண்டிப் போய்விட்டாள்.