ரெண்டு பாக்கெட் ஷாம்பு

சோரியாங்குப்பத்தில் வெண்ணிலாவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியைப் பார்க்க முடியாது. இடி இடித்தால் காதைப் பொத்திக்கொள்வாள். புருஷன் குழந்தைவேல் வயலுக்கு மருந்தடிக்கப் போகிற நாளில் அவளுக்குச் சோறு இறங்காது. ஊரே கிண்டல் செய்யும். அதில் முதல் ஆள் குழந்தைவேல்தான்.

வில்லியனூர்ப் பக்கம் ஒரு பூச்சிமருந்து கம்பெனியில் கண்ணாடிச் சாமான் கழுவுவது அவள் வேலை. அங்கே புதிதாக ஒரு மருந்து தயாரானது. விஷத்துளி ஒவ்வொன்றையும் கண்ணுக்குத் தெரியாத உறைக்குள் அடைத்திருந்தார்கள். மெதுவாகத்தான் கசியும், அடிக்கிறவருக்கு ஆபத்து குறைவு என்றார்கள். பயந்தவளுக்கு இது போதாதா? சோதனைக்குக் கொடுத்த பாட்டில்களில் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து புருஷனிடம் கொடுத்தாள்.

மறுநாள் லேப்பில் வேலை செய்யும் ஜெஸிமா அவளைக் கூப்பிட்டு மைக்ரோஸ்கோப்பில் அந்த மருந்தைக் காட்டினாள்.

"பாருக்கா, குட்டி குட்டியா உருண்ட தெரியுதா? அதும்மேல இருக்கிற தோலு புரதம். இப்ப ஒரு சொட்டு சோப்புத் தண்ணி வுடறேன்."

உருண்டைகள் இளகின. ஒவ்வொன்றாக உடைந்து எண்ணெய் வழிந்தது.

"சோப்பு போயி புரதத்த புடிச்சிக்குது. தோலு பிஞ்சி, மருந்து மொத்தமும் ஒரேடியா வெளிய வந்துடுதுக்கா."

ஷாம்புவும் சோப்புத் தண்ணிதானே என்று வெண்ணிலா நினைத்தாள். மருந்து இலையில் ஒட்டட்டும் என்று தெளிப்பான் டேங்கில் ஷாம்பு ஊற்றாத விவசாயி அந்த வட்டாரத்திலேயே கிடையாது. குழந்தைவேல் இன்றைக்கு மருந்தடிப்பதாகத்தான் சொல்லியிருந்தான். போன் அடித்தாள். அவன் எடுக்கவில்லை. திரும்பவும் அடித்தாள். விஷயத்தைக் கேட்ட ஜெஸிமா உடனே ஸ்கூட்டியை எடுத்தாள்.

குழந்தைவேல் வரப்பில் குந்தியிருந்தான். டேங்க் ஒழுகி முதுகெல்லாம் நனைந்திருந்தது. வாயில் எச்சில் வழிந்தது.

"ஷாம்பு போட்டியாய்யா?"

"நீதான் பயப்படுவியே. வெஷத்த கழுவட்டும்னு... ரெண்டு பாக்கெட்டா போட்டேன்டி."

அவளுக்குத் தலையில் அடித்துக்கொண்டு அழவேண்டும் போலிருந்தது. அழ நேரமில்லை. சட்டையைக் கிழித்தெறிந்து, மோட்டார் தண்ணீரில் அவனைக் குளிப்பாட்டி, ஆட்டோவில் போட்டு அரியூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

"குளிப்பாட்டிக் கூட்டியாந்தது நல்லதும்மா," என்றார் டாக்டர். "ஆனா நாளைக்கு வரைக்கும் ஒண்ணும் சொல்ல முடியாது."

கட்டிலில் கிடந்தவன் அவள் கையைத் தேடிப் பிடித்தான்.

"பயமா இருக்குது வெண்ணிலா."

அவன் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவள் கேட்டதே இல்லை.

"பயப்படாதய்யா, நான் இருக்கேன்ல," என்றாள். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. அவன் பார்த்துவிடக் கூடாதே என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.